வெயில்ல கருகுன மூஞ்சிக்கு ட்ரெட்டினாயின்: 11 மாசம் போட்டுப் பாத்த ஒரு பி.டி. மிஸ்ஸோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது வெள்ளையாக்குற க்ரீம் இல்ல. அதுக்காக வந்தவங்க இங்கயே திரும்பிக்கலாம், உங்க நேரம் எனக்கு எதுக்கு.

நான் விருதுநகர் பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.இ.டி. டீச்சர், வயசு 44, பத்தொம்பது வருஷமா கிரவுண்டுதான் என் கிளாஸ்ரூம். காலைல அசெம்ப்ளில நிக்க ஆரம்பிச்சா சாயந்தரம் கோகோ பிராக்டிஸ் முடியற வரைக்கும் வெயில்தான். எங்க ஊரு வெயிலைப் பத்தி தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பக்கத்து ஊர்ல பட்டாசைக் காய வெக்கிறதே இந்த வெயிலை நம்பித்தான், அப்ப என் மூஞ்சி எம்மாத்திரம். ஜோனல் மீட் வந்துட்டா 100 மீட்டர் ஹீட்ஸ் ஓட்டி முடிக்கிறதுக்குள்ள மதியம் ரெண்டு ஆயிரும், நிழலுக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு வேப்பமரம், அதுக்கடியில பிள்ளைங்க பையும் தண்ணி பாட்டிலும் இருக்கும், நமக்கு எங்க எடம்.

வாட்சைக் கழட்டினா மணிக்கட்டுல ஒரு பட்டை தெரியும் பாருங்க, அதுதான் என் ஒரிஜினல் கலர். மூஞ்சி அதைவிட மூணு ஷேடு கீழ. அது கூட பரவால்ல, கறுப்பா இருக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, எங்க அப்பத்தா கன்னங்கரேல்னு அம்புட்டு அழகா இருக்கும். என் பிரச்சனை வேற. கன்ன எலும்பு மேல ரெண்டு பக்கமும் காபி கொட்டி துடைக்காம விட்ட மாதிரி திட்டு திட்டா, நெத்தியில ஒரு கலர் தாடையில ஒரு கலர், கண்ணோரம் சிரிச்சா விசிறி மடிப்பு, கைய வெச்சு தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கொழுந்தன் வீட்டு கல்யாண ஆல்பத்துல என்னையும் எங்க அக்காவையும் பக்கத்துல பக்கத்துல பாத்தேன், அவ என்னைவிட ஆறு வயசு மூத்தவ, ஆனா போட்டோவுல நான்தான் அக்கா. அன்னைக்கு முடிவு பண்ணேன், சரி டாக்டரைப் பாப்போம்னு.

மதுரையில ஒரு ஸ்கின் டாக்டர். அந்தம்மா முதல்ல ஒரு காரியம் பண்ணாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு. என் முழங்கைக்கு மேல உள்பக்கத்தை, அதாவது ஜாக்கெட் கை மறைக்கிற எடத்தை, திருப்பிக் காட்டச் சொன்னாங்க. "இதைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் கன்னத்தைத் தொட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் 44 வயசுதான? அப்ப மூஞ்சியில இருக்கிறது வயசு இல்லம்மா, வெயில்"னாங்க. உள்கை தோல் குழந்தை தோல் மாதிரி வழவழன்னு இருக்கு. நான் என்னத்த சொல்ல.

அப்புறம் பொறுமையா விளக்கினாங்க. வெயில்ல இருக்கிற யூவிஏ கதிர் தோலுக்குள்ள ஆழமா எறங்கி, தோலைத் தாங்கி நிக்கிற கொலாஜனை அரிக்கிற என்சைம்களைத் தூண்டி விடுதாம், புதுசா கொலாஜன் உண்டாகறதும் கொறஞ்சுடுதாம். வெள்ளைக்காரங்களுக்கு அது சீக்கிரமே சுருக்கமா தெரியும், நம்ம மாதிரி நிறத்துல இருக்கிறவங்களுக்கு தோலுக்கு நிறம் குடுக்கிற மெலனின் ஓரளவு காப்பாத்திடும், அதனால சுருக்கம் லேட்டா வரும், ஆனா அதுக்கு பதிலா கலர் திட்டு, மங்கு, கரும்புள்ளின்னு வந்து நிக்கும். என் கன்னத்துல இருந்ததுல பாதி மங்கு, பாதி வெயில் திட்டு. ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம் க்ரீம் எழுதிக் கொடுத்தாங்க, வைட்டமின் ஏ-லேர்ந்து வர்ற அமிலம், இதையும் இதோட சொந்தக்கார மருந்துகளையும் சேத்துதான் ரெட்டினாய்டுன்னு சொல்றது. மருந்து தோல் செல்லுக்குள்ள போயி ரிசப்டார்ல உக்காந்து, அந்த அரிக்கிற என்சைமை அடக்கி, கொலாஜன் உற்பத்தியைத் தூண்டி, மேல் தோலை சீக்கிரம் சீக்கிரமா புதுப்பிச்சு, ஒரே எடத்துல குமிஞ்சு கெடக்கிற மெலனினைக் கலைச்சு விடுமாம். எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதியிருக்கேன், டாக்டருங்க யாராவது படிச்சா சிரிக்காதீங்க.

வீட்டுக்கு வந்து வழக்கம் போல நெட்ல தோண்டினேன். இது நேத்து வந்த மருந்து இல்லைங்க. அமெரிக்காவுல 1971லயே பருவுக்குன்னு அனுமதி வாங்கினது. பென்சில்வேனியா யூனிவர்சிட்டியில ஆல்பர்ட் க்ளிக்மேன்னு ஒரு தோல் டாக்டர், அவர்கிட்ட பருவுக்கு இதைப் போட்ட நடுத்தர வயசு பொம்பளைங்க, டாக்டர் பரு போனது இருக்கட்டும், மூஞ்சி வழவழன்னு ஆகுது, கோடெல்லாம் கொறையுதுன்னு சொல்லியிருக்காங்க, அதுலேர்ந்துதான் வெயில் பட்ட தோலுக்கு இதைப் போட்டுப் பாக்க ஆரம்பிச்சு 1986ல கட்டுரை எழுதினாங்க. இதே ஆளுதான் பிலடெல்பியாவுல ஹோம்ஸ்பர்க் ஜெயில் கைதிங்க மேல வருஷக்கணக்கா மருந்து சோதனை நடத்தினதுக்கும் பேர் போனவர், அந்தக் கதையைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் ட்யூபைக் கையில வெச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் 1988ல மிச்சிகன் யூனிவர்சிட்டியில 30 பேருக்கு 16 வாரம், ஒரு கையில மருந்து இன்னொரு கையில மருந்தில்லாத வெறும் க்ரீம்னு தடவிப் பாத்திருக்காங்க, மருந்து போட்ட பக்கம் தேறியிருக்கு, ஆனா முக்காவாசி பேருக்கும் மேல தோல் செவந்து எரிஞ்சும் இருக்கு. இந்தக் கடைசி வரியை நான் அப்பவே ஒழுங்கா படிச்சிருக்கணும்.

1995ல தான் அமெரிக்காவுல வெயில் பட்ட மூஞ்சிக்குன்னே ரெனோவாங்கிற பேர்ல 0.05 சதவீதத்துக்கு அனுமதி. அதுலயும் என்ன சொல்லி அனுமதின்னா மெல்லிசு சுருக்கம், கலர் திட்டு, சொரசொரப்பு இந்த மூணும் கொறைய உதவும், அதுவும் வெயிலைத் தவிர்க்கிறதோட சேத்து போட்டாதான். சுருக்கம் அழியும்னோ வயசு திரும்பும்னோ சொல்ல விடல. நம்ம ஊர்ல டப்பா மேல எழுதறதுக்கும் அதுக்கும் எம்புட்டு வித்தியாசம் பாருங்க.

சரி, இப்ப நான் போட்ட கதை.

டாக்டர் சொன்னது: ராத்திரி மட்டும், வாரத்துக்கு ரெண்டு நாள், மூஞ்சி கழுவி துடைச்சு அரைமணி நேரம் நல்லா காயவிட்டு, ஒரு பச்சைப் பட்டாணி அளவு எடுத்து நெத்தி, ரெண்டு கன்னம், தாடைன்னு பொட்டு பொட்டா வெச்சு பரப்பணும், கண்ணு, மூக்கு மடிப்பு, வாயோரம் பக்கம் போகக்கூடாது, மேல மாய்ஸ்சரைசர். வெளிச்சத்துல இந்த மருந்து சிதைஞ்சுடும், அதனாலதான் ராத்திரியும் அலுமினிய ட்யூபும். பட்டாணி அளவை விரல்ல வெச்சுப் பாத்தேன். இத்துனூண்டு. எங்க வீட்ல பல்லு வெளக்க பேஸ்ட் வெக்கிறதுல பாதி கூட இல்ல. இது முழு மூஞ்சிக்குமா? எனக்கு நம்பிக்கையே வரல.

ரெண்டு வாரம் ஒழுங்கா இருந்தேன். ஒண்ணும் தெரியல. கிரவுண்டுல நான் பிள்ளைங்களுக்கு தினம் சொல்ற டயலாக், "மொத நாளே ஓடாத, வார்ம் அப் பண்ணு, தசை பிடிச்சுக்கும்." அடுத்தவனுக்கு சொல்றப்ப நல்லா வருது. மூணாவது வாரத்துலேர்ந்து தினம் ராத்திரி, அதுவும் ரெண்டு பட்டாணி, காயவிடாம ஈர மூஞ்சியில, மூக்கு மடிப்புல கறுப்பு இருக்கேன்னு அங்கயும் அழுத்தி தேச்சேன். அஞ்சாவது நாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து ரசம் சாதம் ஒரு வாய் வெச்சேன், வாயோரத்துல பளார்னு எரிஞ்சுது பாருங்க, கண்ணுல தண்ணி. கண்ணாடியில பாத்தா ரெண்டு வாயோரமும் செவந்து வெடிச்சிருக்கு, மூக்குக்கு பக்கத்துல தோல் பாம்பு சட்டை மாதிரி உரியுது. வேர்வை பட்டா எரியுது, சாதா தண்ணி பட்டா எரியுது. எங்கம்மா வேற போன்ல "கஸ்தூரி மஞ்சளும் எலுமிச்சம்பழமும் குழைச்சு போடுடி"ங்குது, நல்லவேளை போடல.

அதோட விட்டுதா? அந்த வாரம் நாத்தனார் பொண்ணு நிச்சயதார்த்தம், பார்லர் போயி மேலுதட்டுக்கு வேக்ஸிங் பண்ணிக்கிட்டேன். இந்த க்ரீம் போடறதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல, சொல்லணும்னு எனக்குத் தெரியாது. துணியை இழுத்தா முடியோட சேந்து தோலும் வந்துருச்சு. அந்தப் பொண்ணு பயந்துபோச்சு, தப்பு அவ மேல இல்ல. காயம் ஒரு வாரத்துல ஆறிருச்சு, ஆனா அந்த எடத்துல மீசை வெச்ச மாதிரி ஒரு பழுப்புத் தடம், அது போக முழுசா மூணு மாசம். நம்ம தோலுக்கு இதுதான் பெரிய ஆபத்துங்க. எரிச்சல் வந்தா புண்ணு ஆறினாலும் கறுப்பு நின்னுடும், அதாவது கறுப்புத் திட்டைப் போக்க போட்ட மருந்தை ஓவரா போட்டு புது கறுப்பை சம்பாதிக்கிறது. இந்த க்ரீம் போடறவங்க வேக்ஸிங், ஸ்க்ரப், ப்ளீச் எல்லாத்துக்கும் கும்பிடு போட்டுடுங்க, இல்ல டாக்டரைக் கேட்டு சில நாள் முன்னாடியே க்ரீமை நிறுத்திட்டுப் போங்க.

டாக்டர்கிட்ட போயி தலைகுனிஞ்சு நின்னேன். திட்டல. ரெண்டு வாரம் எல்லாத்தையும் நிறுத்திட்டு வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும், அப்புறம் மறுபடி ஒண்ணுலேர்ந்து. இந்த தடவை மாய்ஸ்சரைசர், மேல மருந்து, அது மேல மறுபடி மாய்ஸ்சரைசர், சாண்ட்விச் மாதிரி. வாரம் ரெண்டு, ரெண்டு மாசம் கழிச்சு வாரம் மூணு. இன்னைக்கு வரைக்கும் மூணுதான், தினம் போடற அளவுக்கு என் மூஞ்சி ஒத்துக்கல, டாக்டரும் அதுவே போதும்னுட்டாங்க.

என்ன மாறிச்சுன்னு கேட்டா, முதல்ல மாறினது கைக்குத்தான் தெரிஞ்சுது, கண்ணுக்கு இல்ல. மூணாவது மாசம் ஒருநாள் மூஞ்சி கழுவறப்ப உள்ளங்கை வழுக்கிட்டுப் போச்சு, அந்த உப்புத்தாள் சொரசொரப்பு காணோம். அஞ்சாவது மாசம் கன்னத்துத் திட்டோட ஓரம் மங்க ஆரம்பிச்சுது, நடுவுல அப்படியே இருக்கு ஆனா கோடு போட்டு பிரிச்ச மாதிரி இருந்தது கலைஞ்சிடுச்சு. எட்டாவது மாசம் எங்க ஹெச்.எம். மேடம், யாரையும் ஏறெடுத்துப் பாக்காத மனுஷி, "என்ன டீச்சர், லீவுக்கு எங்கயாவது மலைப்பக்கம் போயிருந்தீங்களா"ன்னாங்க. கண்ணோர விசிறி மடிப்பு? சிரிக்காம இருக்கறப்ப தெரியற மெல்லிசு கோடு கொறஞ்சிருக்கு, சிரிச்சா விசிறி விசிறிதான். நெத்தியில இருக்கிற ரெண்டு ஆழமான கோடு ஒரு நூல் கூட அசையல, அது 19 வருஷம் விசில் ஊதி முறைச்சதுல வந்தது, அதுக்கு க்ரீம் என்ன பண்ணும். கண்ணுக்குக் கீழ இருக்கிற கறுப்பு மரு புள்ளிங்க, அதுவும் அப்படியே. அதெல்லாம் வேற, தனியா எடுக்கணுமாம்.

கழுத்து கதையையும் சொல்லணும். பின்கழுத்துல வெல்வெட் மாதிரி தடிச்ச கறுப்பு, அதுவும் வெயில்தான்னு நெனச்சு "இங்கயும் இதையே போடலாமா"ன்னு கேட்டேன். டாக்டர் தடவிப் பாத்துட்டு க்ரீம் தரல, சுகர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தாங்க. இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கு அப்படி கறுக்குமாம். ரிசல்ட் பார்டர்ல வந்து நின்னுச்சு. பி.டி. மிஸ்ஸுக்கே பார்டர், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, பிள்ளைங்களை ஓடவிட்டுட்டு நான் நின்னுக்கிட்டுதான இருந்தேன். கன்சல்டிங் ஃபீஸ் 500 ரூபா அதுக்கே சரியாப்போச்சு.

இப்ப சன்ஸ்கிரீன். இதைப் பத்தி தனியா ஒரு ரிவ்யூ எழுதற அளவுக்கு எரிச்சல் இருக்கு எனக்கு. ட்ரெட்டினாயின் போட்டா தோல் வெயிலுக்கு இன்னும் சுலபமா கருகும், அதனால சன்ஸ்கிரீன் போடாம இதைப் போடறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதை. எஸ்.பி.எஃப். 30க்கு மேல, ரெண்டு விரல் நீளத்துக்கு பிதுக்கி மூஞ்சிக்கும் கழுத்துக்கும், வெளிய நிக்கிறவங்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம். ரெண்டு விரல் நீளம் நெசமாவே பிதுக்கிப் பாருங்க, பயந்துடுவீங்க. மொத நாள் போட்டுட்டுப் போனேன், ஏழாம் வகுப்பு பய ஒருத்தன் "மிஸ், பொங்கலுக்கு வெள்ளை அடிச்சீங்களா"ங்கிறான், ஜூலை மாசத்துல. வேர்வை வழிஞ்சு கண்ணுல எறங்கினா எரியுது பாருங்க, ஸ்டாப் வாட்சே தெரியாது. மூணு பிராண்டு மாத்தி கடைசியா கலர் கலந்த ஜெல் மாதிரி ஒண்ணு செட் ஆச்சு, மங்கு இருக்கிறவங்களுக்கு அந்த அயர்ன் ஆக்சைடு கலந்த கலர் வகைதான் நல்லதுன்னு டாக்டரும் சொன்னாங்க, ஏன்னா மங்கைக் கறுக்க வெக்கிறது யூவி மட்டும் இல்ல, கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும்தான். அகலமான தொப்பி ஒண்ணும் வாங்கிட்டேன், கிரிக்கெட் அம்பயர் மாதிரி. பசங்க அதுக்கும் பேரு வெச்சுட்டானுங்க, இங்க எழுத மாட்டேன்.

செலவுக் கணக்கு கேப்பீங்க. மருந்துக்கு ஒண்ணுமே இல்ல. 20 கிராம் ட்யூப், ஒரு தடவைக்கு கால் கிராம் மாதிரி ஆகும், வாரம் மூணு தரம்னா அரை வருஷம் வருது. 11 மாசத்துல ரெண்டே ட்யூப், அந்த ரெண்டு ட்யூபையும் கூட்டினா ஆன்லைன்ல விக்கிற ஒரு ரெட்டினால் சீரம் பாட்டில் காசு கூட வராது. ஆனா சன்ஸ்கிரீன் 50 கிராம் 480 ரூபா, கிரவுண்டுல நிக்கிற எனக்கு மூணு வாரம் தாண்டினா பெரிசு. உண்மையான செலவு அதுதான், இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. ரெட்டினால் பத்தியும் கேப்பீங்க, அது தோலுக்குள்ள போயி ரெண்டு படி மாறி அப்புறம்தான் இந்த அமிலமா ஆகணும், அதனால வீரியம் கம்மி, எரிச்சலும் கம்மி. ரொம்ப சென்சிடிவ் தோல் இருக்கிறவங்களுக்கு அது சரிப்படலாம், எனக்கு அனுபவம் இல்ல.

ஒரு விஷயத்துல மட்டும் தயவு செஞ்சு கவனமா இருங்க. எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர், நான் போன மாதிரி டாக்டர்கிட்ட போகாம, நேரா ஒரு மெடிக்கல் ஷாப்ல "மூஞ்சி கறுப்புக்கு நல்ல க்ரீம்"னு கேட்டு வாங்கினா, ரெண்டு வாரத்துல பளபளன்னு ஆயிட்டா, நான் கூட பொறாமைப்பட்டேன். அந்த ட்யூப்லயும் ட்ரெட்டினாயின்னு எழுதியிருந்துச்சு. ஆனா கூடவே கறுப்பை வெளுக்க வெக்கிற ஹைட்ரோகுயினோன், அப்புறம் மொமெட்டாசோன். கடைசியா சொன்னது ஸ்டீராய்டு. ஒண்ணரை வருஷம் போட்டிருக்கா. நிறுத்தினா மூஞ்சி தீப்பிடிச்ச மாதிரி செவக்குது, போட்டா அடங்குது, தோல் மெலிஞ்சு நரம்பு தெரியுது, தாடையில முடி, கன்னம் பூரா பரு. டாக்டருங்க இதுக்கு ஸ்டீராய்டால கெட்டுப்போன மூஞ்சின்னே ஒரு பேரு வெச்சிருக்காங்களாம், நம்ம நாட்டுல அம்புட்டு பேர் இதோட வர்றாங்க. அந்த மூணும் சேந்த க்ரீமை மங்குக்கு டாக்டர் கொஞ்ச நாளைக்குன்னு எழுதித் தர்றது வேற, நாமளா வருஷக்கணக்கா பவுடர் மாதிரி பூசறது வேற. ட்யூபைத் திருப்பி பொடி எழுத்தைப் படிங்க, மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன் இதுல எது இருந்தாலும் டாக்டர் சொல்லாம தொடாதீங்க. ட்ரெட்டினாயினே டாக்டர் சீட்டுக்கு மட்டும்தான் தரணும், தர்றாங்களாங்கிறது உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, புதுசா கல்யாணம் ஆன கம்ப்யூட்டர் மிஸ் "அக்கா, ஒரு வாரம் உங்க ட்யூபைக் குடுங்களேன்"னுச்சு. கேட்டேன், குழந்தைக்கு ப்ளான் பண்றீங்களான்னு. ஆமாங்குது. குடுக்கல. இந்த ரெட்டினாய்டு குடும்பத்து மாத்திரையெல்லாம் கர்ப்பத்துல குழந்தைக்கு பெரிய ஊனத்தைக் கொண்டு வரும், தடவுறது ரத்தத்துல கொஞ்சமாத்தான் சேரும்னாலும் கர்ப்பமா இருக்கறப்பவும் அதுக்கு முயற்சி பண்றப்பவும் வேண்டாம்னுதான் சொல்றாங்க. பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போடறவங்களும் ரெண்டையும் ஒரே நேரத்துல போடாதீங்க, அது இதை செயலிழக்க வெச்சுடும், எரிச்சல் தனி போனஸ்.

மார்க் போடணும்னா பத்துக்கு ஏழரை. ரெண்டு மார்க் மெதுவா வேலை செய்யறதுக்கு கட், அரை மார்க் அந்த ரசம் சாதத்துக்கு. போடறதை நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா பழைய நிலைமைக்கே போயிடுமாம், அதனால வாரம் ரெண்டு மூணுன்னு இழுத்துக்கிட்டே போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எனக்கு அதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல, ராத்திரி பத்து மணிக்கு நியூஸ் பாத்துக்கிட்டே காயவிட்டு போட்டுக்கிறேன், வீட்டுக்காரர் "பட்டாணி வெச்சாச்சா"ன்னு கேட்டுட்டு தூங்கப் போறார்.

ட்யூப் பேர் என்னன்னு கேக்காதீங்க. சொன்னா நாளைக்கே கடையில போயி நிப்பீங்க, ரெண்டு பட்டாணி வேற வெப்பீங்க.